‘போதேர்’ பெயரா, வினையா? நான்கு கருவிகளில் இந்த ஒரு சொல் படும் பாடு

ஸ்பானிய மொழி கற்கத் தொடங்கி சில வாரங்களிலேயே எதிரே வந்து நிற்கும் சொல் ‘போதேர்’. எழுத்துக்கூட்டிச் சொன்னால் பி, ஓ, டி, இ, ஆர். வினையாக வந்தால் ‘முடிதல், இயலுதல்’. பெயராக வந்தால் ‘அதிகாரம், ஆற்றல்’. இந்த இரண்டு பொருளையும் எந்தக் கையகராதியும் இரண்டு வரியில் தந்துவிடும். ஆனால் வாக்கியத்துக்கு நடுவில் பார்க்கும்போது அது எந்த வேலை செய்கிறது என்று பிரித்தறிய அந்த இரண்டு வரி போதாது. இந்த விமர்சனம் அந்த ஒரு வேலைக்காக மட்டும்: ஸ்பானிய அரச அகாதெமியின் இணைய அகராதி, அதே அகாதெமியின் கோர்பெஸ் என்னும் மொழித் தரவகம், ஆங்கில விக்சனரி, அங்கி என்னும் அட்டைச் செயலி (கேள்வி-விடை அட்டைகளை இடைவெளி விட்டுத் திரும்பக் காட்டி நினைவில் நிறுத்துவது) ஆகிய நான்கும் பெயரும் வினையுமான ஒரு சொல்லை எப்படிக் கையாளுகின்றன என்று பார்ப்போம்.

முதலில் சிக்கல் இரண்டு வகை என்பதைப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் ஒரு வகையில் கெட்டிக்காரக் கருவி இன்னொன்றில் கைவிரிக்கிறது. முதல் வகையில் வினையின் அகராதி வடிவமே பெயராகவும் நிற்கும்: போதேர், தெபேர் (கடமை, வேண்டும்), சபேர் (அறிவு, அறிதல்), செர் (உயிரி, இருத்தல்), பெசார் (துயரம், எடை பார்த்தல்). தமிழ் இலக்கணத்தில் முதனிலைத் தொழிற்பெயர் என்று படித்தோமே, கிட்டத்தட்ட அந்தச் சாயல்தான். இரண்டாம் வகை வெறும் தற்செயல் ஒற்றுமை, அல்லது ஒரே வேரின் இரண்டு கிளை. ‘திரபாஹோ’ என்றால் வேலை, ‘நான் வேலை செய்கிறேன்’ என்றும் அதுவே. ‘குவெந்தோ’ என்றால் கதை, ‘நான் எண்ணுகிறேன்’ என்பதும் அதே. ‘பீனோ’ என்றால் திராட்சை மது, ‘வந்தான், வந்தாள்’ என்பதும் அதே எழுத்துகளில்.

உச்சரிப்பில் தமிழ் தெரிந்தவருக்கு ஒரு சலுகை உண்டு. ‘போதேர்’ நடுவில் வரும் ஒலி, ‘அது’ என்று சொல்லும்போது வரும் தகரமேதான். ஆங்கில டகரத்தைப் போட்டு ‘போடர்’ என்றால் காதில் உறுத்தும். ‘தெபேர்’ நடுவில் வருவதும் ‘அபாயம்’ என்பதில் வருகிற மென்மையான பகரம். கடைசி ரகரத்தை விழுங்காமல், அழுத்தத்தைக் கடைசி அசையில் வைத்தால் போதும். பெயரானாலும் வினையானாலும் ஒலி மாறுவதில்லை, ஆகவே காது இங்கே உதவிக்கு வராது.

அகாதெமி அகராதி

மாட்ரிட்டில் 1713-இல் தொடங்கிய அகாதெமி இது. முதல் அகராதியை 1726 முதல் 1739 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்டது. இப்போது இணையத்தில் கட்டணமில்லாமல் கிடைப்பது, 2014-இல் வந்த 23-ஆம் பதிப்பும் அதன்பின் சேர்த்த திருத்தங்களும். கணக்குத் தொடங்கவும் தேவையில்லை.

‘போதேர்’ என்று தட்டினால் ஒரே பக்கத்தில் இரண்டு தனிப் பதிவுகள் வருகின்றன, தலைப்பின் மேல் சிறிய 1, 2 என்ற எண்களோடு. ஒன்று வினை. இரண்டு பெயர், அது ஒன்றிலிருந்து பிறந்தது என்று அங்கேயே குறிப்பும் இருக்கிறது. கற்பவருக்கு மிக உதவும் அமைப்பு இதுதான். பொருள்களை ஒரே பட்டியலில் கலந்து போடும் அகராதிகளில் ஏழாவது பொருளுக்கு வருவதற்குள் நாம் வினையைப் பார்க்கிறோமா பெயரைப் பார்க்கிறோமா என்பதே மறந்துபோகும். இங்கே அந்தக் குழப்பம் கிடையாது.

குறியீடுகளைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பெயர்ச்சொல்லுக்கு ‘பெயர்’ என்று எழுதியிருக்காது. ஆண்பாலுக்கு ‘எம்’, பெண்பாலுக்கு ‘எஃப்’ என்ற ஒற்றை எழுத்துதான். எழுத்து அது என்றால் அந்தப் பொருள் பெயர் என்று புரிந்துகொள்ள வேண்டும். வினைக்குச் செயப்படுபொருள் குன்றாதது, குன்றியது, தன்வினைப் பெயர் சேர்வது என்பதற்கெல்லாம் தனித்தனிச் சுருக்கம். ‘போதேர்’ என்ற பெயர்ப் பதிவில் ஆட்சி அதிகாரம் மட்டுமல்ல. ஒருவர் சார்பில் இன்னொருவர் செயல்பட எழுதித் தரும் அதிகாரப் பத்திரமும் அதே சொல்தான் என்பது அங்கேதான் தெரியும். பன்மையில் ‘போதேரெஸ்’. வாக்கியத்தில் இந்தப் பன்மை வடிவத்தைக் கண்டால் ஐயமே வேண்டாம், அது பெயர். வினையின் பன்மை ‘போதேமோஸ்’, ‘புவேதென்’ என்று வேறு பாதையில் போகும்.

குறைகளுக்கு வருவோம். விளக்கங்கள் முழுக்க ஸ்பானிய மொழியில். வினைப் பதிவின் முதல் பொருளிலேயே ‘எக்ஸ்பெதீதா’ என்ற சொல் வருகிறது. ‘தடையற்ற’ என்று பொருள். ‘முடியும்’ என்ற எளிய வினையைப் புரிந்துகொள்ள வந்தவர் அதைவிடக் கடினமான சொல்லுக்கு இன்னொரு தேடல் நடத்த வேண்டியிருக்கும். எடுத்துக்காட்டு வாக்கியங்களும் சிக்கனம். பொருள்களின் வரிசை அன்றாடப் பயன்பாட்டின் வரிசை அல்ல. வழக்கொழிந்தவையும் இடையிடையே நிற்கும், அவற்றுக்குரிய சுருக்கக் குறியைக் கவனிக்காமல் மனப்பாடம் செய்தால் இன்று யாரும் பேசாத பொருளைக் கற்றுக்கொண்டு நிற்போம். ஏ1 என்ற தொடக்க நிலையில் இருப்பவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். அடுத்த படியான ஏ2 முடித்து பி1 என்ற இடைநிலையில் கால் வைத்தவருக்கு இதைவிட நம்பகமானது கிடையாது.

இரண்டாம் வகைச் சொற்களில் இந்த அகராதி சறுக்குகிறது. பதிவுகள் அகராதி வடிவத்தின் பெயரில்தான் இருக்கும். ‘பீனோ’ என்ற பதிவைப் படித்தால் மதுவைப் பற்றி விரிவாகத் தெரிந்துகொள்ளலாம். ‘வந்தான்’ என்ற பொருள் ‘பெனீர்’ என்ற வினையின் திரிபு அட்டவணைக்குள் ஒளிந்திருக்கும். அது பெனீரின் வடிவம் என்று முன்பே தெரிந்தவருக்குத்தான் அந்த அட்டவணையைத் திறக்கத் தோன்றும்.

‘அல் போதேர்’ என்ற பொறி

ஸ்பானியப் பாடங்களில் பொதுவாகச் சொல்லிக்கொடுக்கும் சூத்திரம்: முன்னால் ‘எல்’ என்ற ஆர்ட்டிகிள் (ஆங்கில ‘தி’ போன்ற சொல்) வந்தால் பெயர், வராவிட்டால் வினை. பத்தில் சில இடங்களில் இந்தச் சூத்திரம் காலை வாரிவிடும். இரண்டு தொடர்களை அருகருகே வைத்துப் பாருங்கள்:

யேகோ அல் போதேர். (ஆட்சிக்கு வந்தார்.)
அல் போதேர் யேகார். (வந்து சேர முடிந்ததும்.)

‘அல்’ என்பது ‘அ’வும் ‘எல்’லும் சேர்ந்தது. ஆக இரண்டிலும் ஆர்ட்டிகிள் இருக்கிறது, இரண்டிலும் அதே இரண்டு சொற்கள் அதே வரிசையில். முதலாவதில் போதேர் முழுப் பெயர். இரண்டாவதில் அது வினையாகவே நின்று, பின்னால் வரும் ‘யேகார்’ என்ற வினையைத் தாங்குகிறது. ‘அல்’லோடு ஒரு வினையின் அகராதி வடிவம் சேர்ந்தால் ‘செய்யும்போது, செய்ததும்’ என்ற பொருள் வருவது ஸ்பானிய வழக்கு. ‘எல் போதேர் பியஹார்’ என்றாலும் இப்படியே: ‘பயணம் செய்ய முடிவது’. அதிகாரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஆகவே பார்க்க வேண்டிய இடம் சொல்லுக்கு முன்னால் அல்ல, பின்னால். போதேருக்கு அடுத்து இன்னொரு வினையின் அகராதி வடிவம் (ஆர், எர், இர் என்று முடிவது) வந்தால் ‘முடிதல்’. ‘தெ’ என்ற இடைச்சொல்லோ, ‘பொலீதிகோ’, ‘அத்கிசிதீபோ’ போன்ற பெயரடையோ வந்தால் அதிகாரம் அல்லது ஆற்றல். கடைசியாகச் சொன்னது ‘வாங்கும் சக்தி’ என்ற பொருளாதாரத் தொடர். இதை அகாதெமி அகராதியின் வரையறைகளைப் படித்து மட்டும் யாரும் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு நூறு வாக்கியங்களைக் கண்ணால் பார்க்க வேண்டும். அங்கேதான் கோர்பெஸ் வருகிறது.

கோர்பெஸ்

அகாதெமியின் தளத்தில் அகராதிக்குப் பக்கத்திலேயே இருந்தும் கற்பவர்கள் பெரும்பாலும் தட்டிப்பார்க்காத கதவு இது. 2001 முதல் எழுதப்பட்ட, பேசப்பட்ட ஸ்பானிய மொழியின் பெருந்தொகுப்பு; அதில் ஸ்பெயினின் பங்கு 30 சதவீதம், அமெரிக்க நாடுகளின் பங்கு 70 சதவீதம் என்ற கணக்கில் அமைத்திருக்கிறார்கள். இதுவும் இலவசம்.

நம் வேலைக்கு அதில் உள்ள பொன்னான வசதி, சொல்வகையைத் தேர்ந்தெடுத்துத் தேடுவது. ‘லேமா’ (அகராதி வடிவம்) என்ற பெட்டியில் போதேர் என்று எழுதி, சொல்வகையில் பெயரைத் தேர்ந்தால் பெயராக வந்த வாக்கியங்கள் மட்டும்; வினையைத் தேர்ந்தால் புவேதோ, புதோ, போத்ரே என எல்லாத் திரிபுகளும். ‘ஃபோர்மா’ என்ற பெட்டியில் போட்டால் எழுதிய அதே வடிவம் மட்டும் கிடைக்கும். இரண்டையும் மாற்றிப் போடுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு: வடிவப் பெட்டியில் போதேர் என்று தேடிவிட்டு, வினை இவ்வளவு குறைவாகவா வருகிறது என்று வியப்பார்கள். வினை பெரும்பாலும் திரிந்த வடிவத்தில்தான் வாழ்கிறது.

முடிவுகளில் தேடிய சொல் நடுவில் தனித்துத் தெரியும், இருபுறமும் அதன் சூழல். வலப்பக்கச் சொல்லை மட்டும் மேலிருந்து கீழாக ஓடவிட்டுப் பாருங்கள். பெயர்ப் பக்கத்தில் தெ, தெ, பெயரடை, தெ என்று ஓடும். வினைப் பக்கத்தில் ஆர், எர், இர் என்ற முடிவுகள் வரிசை கட்டும். ஒரு பாடப்புத்தகப் பயிற்சி செய்வதை இந்த இரண்டு திரைகள் செய்துவிடும்.

சொல்வகைக் குறியீட்டைக் கணினிதான் போட்டிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. நாம் மேலே பார்த்த ‘எல் போதேர் பியஹார்’ போன்ற எல்லைக்கோட்டு வாக்கியங்களில் அது தவறுவதும் உண்டு. இடைமுகம் ஆராய்ச்சியாளர்களுக்காகச் செய்தது. கைபேசியில் பார்ப்பது தலைவலி. மடிக்கணினி இல்லாமல் இந்தப் பக்கம் போக வேண்டாம்.

அதே தளத்தில் இருக்கும், மொழி வழக்கில் எழும் ஐயங்களைத் தீர்க்கும் ஐய அகராதியையும் (2005-இல் முதலில் வந்தது) ஒரு சொல்லுக்காக மட்டுமாவது திறக்க வேண்டும். அந்தச் சொல் தெபேர். வினையாக ‘தேபே அயுதார்’ என்றால் ‘உதவ வேண்டும்’ என்ற கடப்பாடு. ‘தேபே தெ எஸ்தார்’ என்று நடுவில் ‘தெ’ நுழைந்தால் ‘இருக்கக்கூடும்’ என்ற ஊகம். பெயராக வந்தாலோ ‘எல் தெபேர் தெ அயுதார்’ என்பது ‘உதவும் கடமை’. இங்கே ‘தெ’ ஊகத்தைக் காட்டுவதில்லை, பெயரை அடுத்த சொல்லோடு ஒட்டுகிறது, அவ்வளவுதான். பன்மையில் ‘லோஸ் தெபேரெஸ்’ ஸ்பெயினில் வீட்டுப்பாடம். போதாக்குறைக்குக் கணக்குப் புத்தகத்தில் பற்று ‘எல் தேபே’, வரவு ‘எல் அபேர்’. ஒன்று திரிந்த வினை, மற்றொன்று அகராதி வடிவம், இரண்டும் அங்கே சுத்தமான பெயர்கள்!

ஆங்கில விக்சனரி

இரண்டாம் வகைச் சொற்களுக்கு இதுதான் முதல் இடம். காரணம் எளிது: இங்கே திரிந்த வடிவங்களுக்கும் தனிப் பக்கம் உண்டு. ‘பீனோ’ பக்கத்தின் ஸ்பானியப் பகுதியில் மது ஒரு சொற்பிறப்பின் கீழும், பெனீரின் இறந்தகாலப் படர்க்கை ஒருமை என்ற குறிப்பு இன்னொன்றின் கீழும் நிற்கின்றன. இரண்டும் வேறு வேர் என்று உடனே விளங்கிவிடும். ‘நாதா’வும் அப்படியே. ‘ஒன்றுமில்லை’ ஒரு பக்கம், ‘நீந்துகிறான்’ இன்னொரு பக்கம்.

அங்கே செய்யக்கூடிய பெரிய பிழை, மொழிப் பகுதி மாறிப் படிப்பது. ஒரே பக்கத்தில் அதே எழுத்துக்கூட்டல் கொண்ட எல்லா மொழிகளும் அகர வரிசையில் அடுக்கியிருக்கும். போதேர் பக்கத்தில் போர்த்துகீசியப் பகுதி ஸ்பானியத்துக்கு முன்னால் வருகிறது. அதிலும் போதேர் பெயரும் வினையும்தான், பொருளும் அதேதான். திரிபு அட்டவணை மட்டும் வேறு: தன்மை ஒருமை அங்கே ‘போசு’, ஸ்பானியத்தில் ‘புவேதோ’. பக்கத்தைத் திறந்ததும் பொருளடக்கத்தில் ஸ்பானியத்தைத் தட்டி இறங்குவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். தன்னார்வலர்கள் தொகுப்பது என்பதால் எடுத்துக்காட்டுகளின் தரம் பக்கத்துக்குப் பக்கம் மாறும். வடிவத்தை அடையாளம் காண இதை நம்பலாம், நுட்பமான பொருள் வேறுபாட்டுக்கு அகாதெமிக்கே திரும்ப வேண்டும்.

தானியங்கி மொழிபெயர்ப்புக் கருவிகளை இந்த வரிசையில் சேர்க்கவில்லை. தனிச் சொல்லைக் கொடுத்தால் ஏதோ ஒரு பொருளை முன்னே தள்ளும், அவ்வளவுதான். ‘நாதா என் எல் ரியோ’ என்பதை எழுவாய் இல்லாமல் படித்தால் ‘ஆற்றில் நீந்துகிறான்’ என்றும் கொள்ளலாம், ‘ஆற்றில் ஒன்றுமில்லை’ என்றும் கொள்ளலாம். கருவி ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் காட்டும்; இன்னொன்று இருந்தது என்பதைச் சொல்லாது.

அங்கி

மேலே உள்ளவை தேடிப் பார்க்க. மனத்தில் நிறுத்த அங்கி. இதில் கருவியைவிட அட்டை செய்யும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது, ஆகவே சற்று நிதானமாக.

முன்பக்கம் ‘போதேர்’, பின்பக்கம் ‘முடிதல், அதிகாரம்’ என்று ஓர் அட்டை செய்தால் அது வீண். இரண்டில் ஒன்று நினைவுக்கு வந்தால் சரி என்று தட்டுவதா, தவறு என்று தட்டுவதா? இந்தக் குழப்பத்திலேயே மறுபார்வை இடைவெளி சீர்கெடும். இயல்பு அமைப்பில் எட்டு முறை மறந்த அட்டையை அங்கி ‘லீச்’ என்று குறித்துவைக்கும். இத்தகைய இரட்டை அட்டைகள்தான் அந்தப் பட்டியலில் போய்ச் சேரும்.

அடுத்து எல்லோரும் போவது ‘குளோஸ்’ என்ற, கோடிட்ட இடத்தை நிரப்பும் வகைக்கு. ஒரே குறிப்பில் (அட்டைகள் பிறக்கும் மூலப் பதிவு) பெயர் வாக்கியம், வினை வாக்கியம் இரண்டையும் எழுதி இரண்டிலும் இடைவெளி விடுவார்கள். ஓர் இடைவெளியைக் கேட்கும்போது மற்ற வாக்கியத்தில் சொல் முழுசாகத் தெரிந்து விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு தனிக் குறிப்புகளாகப் பிரித்தால் அது தீரும், ஆனால் இரண்டும் அடுத்தடுத்து ஒரே நாளில் வந்து நிற்கும்.

சரியான வழி, சொந்தமாக ஒரு குறிப்பு வகை செய்வது. விடையைத் தட்டச்சு செய்யும் ‘பேசிக்’ வகையை நகலெடுத்து நான்கு புலங்கள் வையுங்கள்: பெயர் வாக்கியம், பெயர் விடை, வினை வாக்கியம், வினை விடை. பிறகு அட்டை வார்ப்புரு இரண்டு. முதலாவது பெயர்ப் புலங்களை மட்டும், இரண்டாவது வினைப் புலங்களை மட்டும் காட்ட வேண்டும். ஒரே குறிப்பிலிருந்து பிறந்தவை என்பதால் அங்கி இவற்றை உடன்பிறப்புகளாகக் கருதும். தொகுப்பு அமைப்புகளில் ‘பெரி’ என்ற பகுதியில் புதிய அட்டை, மறுபார்வை அட்டை இரண்டுக்கும் உடன்பிறப்பை ஒத்திவைக்கும் பொத்தானை இயக்கிவிட்டால், பெயரைப் பார்த்த நாளில் வினை வராது. அது இயல்பாக அணைந்தே இருக்கும், நாம்தான் இயக்க வேண்டும். பெயர் மட்டுமே உள்ள சொல்லுக்கு வினைப் புலத்தை வெறுமையாக விட்டால் இரண்டாவது அட்டை உருவாகாது.

போதேருக்கு மூன்று குறிப்புகள் போதும். முதலாவது: ‘யேகோ அல் ___’ (போதேர்), ‘நோ ___ மாஸ்’ (புவேதோ, ‘இனி முடியாது’). இரண்டாவது: ‘லோஸ் ___ தெல் எஸ்தாதோ’ (போதேரெஸ், அரசின் அதிகார அமைப்புகள்), ‘நோ ___ சலீர்’ (புதோ, ‘வெளியேற முயன்றும் முடியவில்லை’). இந்த இறந்தகால வடிவத்துக்கு முயற்சியின் முடிவைச் சொல்லும் தொனி உண்டு, ஆகவே தனியாகப் பயில வேண்டியது. மூன்றாவது: ‘எல் ___ அத்கிசிதீபோ’, ‘அல் ___ யேகார்’, இரண்டுக்கும் விடை போதேர்தான், கேள்வி வாக்கியம்தான் வேறு. தமிழ்ப் பொருளைப் பின்பக்கத்தில் முழு வாக்கியமாக எழுதுங்கள், சொல்லாக அல்ல.

தட்டச்சு செய்யும் வகையை வலியுறுத்துவதற்குக் காரணம் அழுத்தக் குறி. ‘தேர்மினோ’ என்ற மூவரைப் பாருங்கள்: முதல் அசையில் அழுத்தம், ‘ஈ’ என்ற ரோமன் எழுத்தின் மேல் குறி இருந்தால் ‘காலவரை, கலைச்சொல்’ என்ற பெயர், நடு அசையில் அழுத்தம், குறியே இல்லையென்றால் ‘நான் முடிக்கிறேன்’, கடைசி ஓ மேல் குறி என்றால் ‘முடித்தான்’. மனத்துக்குள் விடை சொல்லிக்கொள்பவருக்கு இந்த மூன்றும் ஒன்றுதான். அங்கி எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் தவறை நிறத்தில் காட்டும், குறி விடுபட்டாலும். விண்டோஸில் எண் விசைத் தொகுதியோடு ஆல்ட் அழுத்தி 160, 130, 161, 162, 163 என்று அடித்தால் முறையே ஏ, ஈ, ஐ, ஓ, யூ மேல் குறி விழும். கைபேசியில் அந்த எழுத்தை அழுத்திப் பிடித்தாலே போதும்.

புதிய அட்டைகளின் இயல்பு எண்ணிக்கை நாளுக்கு 20. இத்தகைய இரட்டைச் சொற்களுக்கு அதை 6-க்குக் குறைப்பது நல்லது; இல்லாவிட்டால் போதேர், தெபேர், சபேர் மூன்றும் ஒரே வாரத்தில் மோதிக்கொள்ளும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் செயலி இலவசம். ஐபோன் செயலிக்கு மட்டும் ஒருமுறைக் கட்டணம். அதைக் கட்ட விரும்பாதவர்கள் அட்டைகளைக் கணினியில் செய்து ஒத்திசைத்துவிட்டு, கைபேசியின் உலாவியில் அங்கியின் இணையப் பதிப்பைத் திறந்து மறுபார்வை செய்துகொள்ளலாம்.